டகோட்டா: பணம் இருந்தும் வாங்க முடியாத வீடு

2010-ஆம் ஆண்டு நியூயார்க்கின் டகோட்டா கட்டடத்தில் வசித்த ஒருவர், தன் வீட்டை ஒட்டியிருந்த பக்கத்து வீட்டையும் வாங்க விண்ணப்பித்தார். விலை 57 லட்சம் டாலர். விற்கும் தரப்புக்குச் சம்மதம். வாங்குபவர் ஊருக்கோ கட்டடத்துக்கோ புதியவர் இல்லை. 1992-இலேயே அங்கே வீடு வாங்கிக் குடியேறியவர். கட்டடத்தின் நிர்வாகக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தவர். அப்படியிருந்தும் குழு அவருடைய விண்ணப்பத்தை நிராகரித்தது.

அவர் பெயர் அல்ஃபோன்ஸ் ஃப்ளெச்சர். ஹெட்ஜ் ஃபண்ட், அதாவது வசதியானவர்களின் பணத்தை வாங்கி முதலீடு செய்யும் நிதி நடத்தியவர், கறுப்பினத்தவர். 2011 பிப்ரவரியில் அவர் டகோட்டா மீதும் குழு உறுப்பினர்கள் சிலர் மீதும் வழக்குத் தொடுத்தார். தன் நிறத்துக்காகவும், குழுவில் இருந்தபோது சிறுபான்மையினர் சிலருக்காகப் பேசியதற்குப் பழிவாங்கவும்தான் தன்னை மறுத்தார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. குழு அதை மறுத்தது. அவருடைய பண நிலைமை போதுமானதாக இல்லை, அது மட்டுமே காரணம் என்றது.

டகோட்டா என்றால் பலருக்கு, அங்கே குடியிருந்து அதன் வாசலிலேயே சுடப்பட்ட பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன்தான் நினைவுக்கு வருவார். அதில் தவறில்லை. ஆனால் இந்தக் கட்டடத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு ஒன்று. ஒரு வீட்டை விற்பவரும் வாங்குபவரும் விலை பேசி முடித்த பிறகு, மூன்றாவதாக ஒரு தரப்பு 'வேண்டாம்' என்று சொல்லலாம், ஏன் என்று சொல்லவும் வேண்டாம். அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது, அதற்கு எல்லை உண்டா என்பதைப் பார்க்க டகோட்டாவை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

தையல் மெஷின்காரர் கட்டிய மாளிகை

கட்டியவர் எட்வர்ட் கிளார்க். சிங்கர் தையல் மெஷின் கம்பெனியின் பங்குதாரர், தொழிலால் வழக்கறிஞர். மொத்தப் பணம் கொடுத்து மெஷின் வாங்க முடியாத குடும்பங்களுக்கு மாதத் தவணையில் விற்கும் திட்டத்தை 1850-களில் கொண்டுவந்தவர் இவர்தான். அந்தத் தவணைப் பணம்தான் பிறகு மன்ஹாட்டனில் நிலமாகவும் கட்டடமாகவும் மாறியது.

அவர் தேர்ந்தெடுத்த இடம் அன்றைக்குப் பலருக்கும் வியப்பாக இருந்திருக்கும். 843 ஏக்கர் சென்ட்ரல் பார்க்கின் கிழக்குப் பக்கம் ஐந்தாம் அவென்யூ, பணக்காரர்களின் தனி மாளிகைகள் எழும் பக்கம். மேற்குப் பக்கத்தில் காலி மனைகள், பாறைகள், குடிசைகள். 1879-இல் ஒன்பதாம் அவென்யூ வழியாக உயர்மட்ட ரயில் வந்தது. மறு ஆண்டு அக்டோபரில் 72-ஆம் தெரு முனையில், பூங்காவைப் பார்த்தபடி கிளார்க் வேலையைத் தொடங்கினார். கட்டடம் முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1882-இல் இறந்துபோனார். கட்டடம் 12 வயதுப் பேரனுக்குப் போய்ச் சேர்ந்தது. 1884 அக்டோபரில் வேலை முடிந்தது.

பெயரைப் பற்றி ஒரு கதை சுற்றுகிறது. ஊரை விட்டு இவ்வளவு தள்ளி, எங்கோ தொலைவில் இருக்கும் டகோட்டா பிரதேசத்தில் கட்டியது போல இருக்கிறதே என்று யாரோ கேலி செய்ய, அதுவே பெயராகிவிட்டதாம். 1933-இல் ஒரு பத்திரிகையில் வந்த பிறகு பரவிய கதை இது. கிளார்க்குக்கு மேற்கத்தியப் பிரதேசங்களின் பெயர்கள் மேல் தனிப் பிரியம் உண்டு. அவென்யூக்களுக்கே மொன்டானா, வயோமிங், ஐடஹோ என்று பெயர் வைக்கலாம் என யோசனை சொன்னவர். 72-ஆம் தெரு முகப்பில் வாசலுக்கு மேலே ஒரு டகோட்டா பழங்குடி மனிதரின் முகத்தைச் செதுக்கியும் வைத்திருக்கிறார்கள். கேலியில் பிறந்த பெயராக எனக்குத் தோன்றவில்லை.

கட்டடக் கலைஞர் ஹென்றி ஹார்டன்பெர்க். பின்னாளில் பிளாசா ஹோட்டலை வடிவமைத்தவரும் இவரே. அவர் முன்னால் இருந்த சிக்கல் கல்லும் செங்கல்லும் பற்றியதல்ல. அந்தக் காலத்தில் நியூயார்க்கில் ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் இருப்பது ஏழைகளின் நெரிசல் குடியிருப்புக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் இருந்தது. வசதியானவர்கள் தனி வீட்டில்தான் இருப்பார்கள். அவர்களை மாடி வீட்டுக்கு வரவைக்க வேண்டும்.

அவர் கண்ட வழியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தெருவிலிருந்து உள்ளே போக ஒரே பெரிய வளைவு வாசல், குதிரை வண்டி அப்படியே நுழையும் அளவுக்கு. வண்டி உள்முற்றத்துக்குப் போய் நிற்கும், மழையில் நனையாமல் இறங்கலாம். முற்றத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு வாசல்கள், ஒவ்வொன்றிலும் மாடிப்படி, லிஃப்ட். ஒரு மூலை லிஃப்டில் ஏறினால் ஒரு தளத்தில் இரண்டு வீடுகளுக்கு மேல் எதிர்ப்படாது. 65 வீடுகள் இருந்தும் அக்கம்பக்கத்தார் முகத்தில் விழிக்காமலே இருந்துவிடலாம். வேலைக்காரர்களுக்கும் சாமான்களுக்கும் தனி லிஃப்டுகள், அவை சமையலறைப் பக்கம் போய் நிற்கும். வரவேற்பறைகள் தெருவையும் பூங்காவையும் பார்த்திருக்கும், சமையலறையும் சாப்பாட்டு அறையும் முற்றத்தைப் பார்த்திருக்கும். கூரை உயரம் 14 அடி வரை. 4 அறை வீடும் உண்டு, 20 அறை வீடும் உண்டு. ஒரு வீட்டைப் போல இன்னொன்று கிடையாது. மின்சாரத்தையும் வெப்பத்தையும் சொந்த இயந்திரசாலை கொடுத்தது. சமைக்க விருப்பமில்லாத நாளில் கீழே பொதுச் சாப்பாட்டுக் கூடம். மேல் தளங்களில் வேலைக்காரர்களின் அறைகள், துணி துவைக்கும் இடம், பிள்ளைகள் விளையாட ஒரு கூடம்.

வெளியே கட்டடத்தைச் சுற்றித் தண்ணீர் இல்லாத அகழி போல ஒரு பள்ளம், அடித்தளத்துக்கு வெளிச்சம் வருவதற்காக. அதன் ஓரமாக ஓடும் இரும்புக் கிராதியில் தாடி வைத்த முகங்கள், அவற்றைச் சுற்றிச் சுருண்ட கடல் பூதங்கள். நடைபாதையில் போகிற யாரும் கை நீட்டித் தொடக்கூடிய உயரத்தில்தான் இருக்கின்றன.

திறக்கும்போதே எல்லா வீடுகளுக்கும் ஆள் வந்துவிட்டார்கள். இசைப் பதிப்பாளர் குஸ்தாவ் சிர்மர் முதலில் வந்தவர்களில் ஒருவர். 1891-இல் நியூயார்க் வந்த ரஷ்ய இசைமேதை சாய்கோவ்ஸ்கி சிர்மர் வீட்டு விருந்துக்குப் போனார் என்றும், மொத்தக் கட்டடமும் சிர்மரின் வீடு, எதிரே இருக்கும் பூங்கா அவருடைய தோட்டம் என்று எண்ணிக்கொண்டார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, டகோட்டாவில் குடியிருப்பது அப்படித்தான் இருந்திருக்கும்.

வாடகை வீடு எப்படிக் கூட்டுறவானது

இந்த இடம்தான் பலருக்குத் தெரியாதது. டகோட்டா முதலிலிருந்தே கூட்டுறவுக் கட்டடம் இல்லை. 77 ஆண்டுகள் அது வாடகைக் கட்டடம். மாதத் தவணையில் மெஷின் விற்ற குடும்பம், வீட்டை மட்டும் யாருக்கும் விற்கவே இல்லை.

1960-இல் குடும்பத்தின் மூத்தவரான ஸ்டீபன் கிளார்க் இறந்தார். வாரிசுகள் கட்டடத்தைக் கைமாற்ற முடிவு செய்தார்கள். பழைய கட்டடங்களைக் காக்க அந்த நகரத்தில் அன்று சட்டம் இல்லை, அது 1965-இல்தான் வந்தது. மன்ஹாட்டனில் இப்படியொரு மூலை மனை கிடைத்தால் கட்டடக்காரர்கள் என்ன செய்வார்கள் என்பது குடியிருந்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் சேர்ந்து, 1961-இல் கட்டடத்தைத் தாங்களே வாங்கிக் கூட்டுறவாக மாற்றினார்கள். மேற்குப் பக்கத்தில் முன்பு தோட்டமும் டென்னிஸ் மைதானமுமாக இருந்து பிறகு வண்டி நிறுத்துமிடமான மனை கைவிட்டுப் போனது. அங்கே மேஃபேர் டவர்ஸ் என்ற உயரமான கட்டடம் எழுந்தது. தோட்டம் போனாலும் வீடு மிஞ்சியது. டகோட்டாவை 1969-இல் நகரமும், 1976-இல் நாடும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தன.

குடியிருந்தவர்கள் ஒன்று சேரும் அந்த ஏற்பாடு இல்லாமல் போயிருந்தால் டகோட்டா இன்று இருந்திருக்குமா என்பது சந்தேகமே. கூட்டுறவைக் குறை சொல்லப்போகிற நான் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

சரி, கூட்டுறவு வீடு என்றால் என்ன? மொத்தக் கட்டடமும் நிலமும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். வீடு 'வாங்குகிறவர்' உண்மையில் வாங்குவது அந்தக் கம்பெனியின் பங்குகளை. எந்த வீட்டுக்கு எத்தனை பங்கு என்பதை அதன் அளவு, மாடி, பூங்காவைப் பார்க்கிறதா முற்றத்தைப் பார்க்கிறதா என்பதைப் பொறுத்து ஒதுக்கியிருப்பார்கள். அந்தப் பங்குகளோடு, குறிப்பிட்ட வீட்டில் குடியிருக்க ஒரு நீண்டகாலக் குத்தகை ஒப்பந்தம் கைக்கு வரும். வீட்டின் பேரில் கிரையப் பத்திரம் கிடையாது. சட்டத்தின் கண்ணில் அவர் ஒரே நேரத்தில் பங்குதாரரும் குத்தகைதாரரும்.

மாதாமாதம் மெயின்டெனன்ஸ் கட்ட வேண்டும். சொத்து வரி, காவலர்கள், லிஃப்ட், பழுதுபார்ப்பு, கட்டடத்தின் மேல் கடன் இருந்தால் அதன் தவணை, எல்லாம் அதற்குள் அடக்கம். ஒருவர் கட்டாமல் விட்டால் அந்தத் துண்டை மற்றவர்கள்தான் நிரப்ப வேண்டும். புதிதாக வருபவரின் பணத்தைக் குழு ஏன் இவ்வளவு துருவுகிறது என்பதற்கு நியாயமான விடை இதுதான். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் பங்குதாரர்கள் பணம் கட்ட முடியாமல் எத்தனையோ கூட்டுறவுகள் கவிழ்ந்து, திரும்ப வாடகைக் கட்டடங்களாகின. பூங்காவைப் பார்த்த வீடு என்பதற்காக மந்தம் யாரையும் விட்டுவைக்கவில்லை. டகோட்டாவுக்குச் சற்று வடக்கே அதே பூங்கா ஓரத்தில் நிற்கும் சான் ரெமோ, பெரஸ்ஃபோர்ட் என்ற இரண்டு பிரம்மாண்டக் கட்டடங்கள் 1940-இல் சேர்ந்தாற்போல் விலைபோயின. கடன் சுமையை ஏற்றுக்கொண்டது போக வாங்கியவர் கொடுத்த ரொக்கம் 25,000 டாலர்தான்.

அதனால் விண்ணப்பதாரர் வரிக் கணக்குகள், வங்கி விவரங்கள், வேலைச் சான்று, நண்பர்களும் தொழில் வட்டத்தாரும் எழுதிய பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் கட்டுக்கட்டாகக் கொடுக்க வேண்டும். அப்புறம் நேர்காணல். குழுவில் இருப்பவர்கள் அந்தக் கட்டடத்திலேயே குடியிருப்பவர்கள், சம்பளமில்லாமல் வேலை செய்பவர்கள். நாளைக்கு லிஃப்டில் பார்க்கப்போகிற முகங்கள் இன்று ஒருவருடைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கின்றன. பிறகு ஒரு பதில் வரும். 'இல்லை' என்றால் அது மட்டும்தான் வரும்.

பேர் பெற்றவர்களுக்கும் இதே கதிதான். டகோட்டாவில் இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் இருந்தார், நடிகை லாரன் பகால் 50 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். அதே டகோட்டா திருப்பி அனுப்பியதாகப் பத்திரிகைகள் எழுதிய நட்சத்திரங்களும் பலர்.

நீதிமன்றங்கள் வரைந்த கோடு

இந்த மௌனத்துக்குச் சட்டம் இடம் கொடுத்தது ஒரே நாளில் அல்ல. 1959-இல் பார்க் அவென்யூ கட்டடம் ஒன்றின் வழக்கில் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மன்றம், கூட்டுறவு ஒருவரை எந்தக் காரணத்துக்காகவும், காரணமே இல்லாமலும் மறுக்கலாம் என்ற நிலையை எடுத்தது. சிவில் உரிமைச் சட்டங்களை மீறக்கூடாது என்பது மட்டும் வரம்பு.

1990-இல் வந்த லெவன்டஸ்கி வழக்கு அடுத்த படி. வாஷிங்டன் சதுக்கப் பூங்காவுக்குப் பக்கத்துக் கூட்டுறவுக் கட்டடத்தில் ஒருவர் சமையலறையைப் புதுப்பிக்கும்போது சுவரில் ஓடிய நீராவிக் குழாயை நகர்த்தப் பார்த்தார். குழு வேலையை நிறுத்தியது. குழாயில் தொடங்கிய வழக்கில் மாநிலம் முழுமைக்குமான விதி பிறந்தது. குழு நல்லெண்ணத்தோடு, தன் அதிகாரத்துக்குள், கட்டடத்தின் நன்மைக்காக ஒரு முடிவெடுத்தால் அது சரியா தவறா என்று நீதிபதி உட்கார்ந்து எடைபோட மாட்டார். கம்பெனி இயக்குநர்களுக்கு இருந்த அதே பாதுகாப்பு வீட்டுக் குழுக்களுக்கும் வந்தது.

2003-இல் இது இன்னும் தூரம் போனது. டகோட்டாவிலிருந்து ஐந்து தெரு தள்ளி, 67-ஆம் தெருவில் ஒரு கூட்டுறவு. புதிதாக வந்த பங்குதாரர் ஒருவருக்கும் மேல் வீட்டு முதிய தம்பதிக்கும் சத்தம் பற்றி மூண்ட தகராறு, வழக்குமேல் வழக்காக முற்றியது. பங்குதாரர்கள் சிறப்புக் கூட்டம் போட்டு அவரை வெளியேற்ற வாக்களித்தார்கள். விழுந்த 2,048 பங்கு வாக்குகளும் அவருக்கு எதிராக. மாநில உச்ச மன்றம் அந்த வாக்கை ஏற்றுக்கொண்டது. உள்ளே வர மட்டுமல்ல, உள்ளே இருக்கவும் அயலாரின் சம்மதம் வேண்டும் என்று ஆனது.

ஃப்ளெச்சர் வழக்கு இந்த வரிசையில்தான் வருகிறது. 2012 ஜூலையில் மேல்முறையீட்டு மன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. குழுவின் முடிவுகளுக்கு இருக்கும் பாதுகாப்பு, பாகுபாடு காட்டுவதற்கான கவசம் அல்ல. கூட்டுறவு சட்டவிரோதமாக ஒருவரை ஒதுக்கியதென்றால், அதில் பங்கெடுத்த உறுப்பினர் தனிப்பட்ட முறையிலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவர் தனியாக வேறொரு தவறு செய்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. 2006-இல் அதே மன்றம் சொல்லியிருந்த மாறான கருத்தையும் இந்தத் தீர்ப்பு ஓரம் கட்டியது. சம்பளமில்லாத உறுப்பினர்கள் 'கட்டடம் எடுத்த முடிவு' என்ற பெயருக்குப் பின்னால் இனி நிற்க முடியாது. எனக்கு இந்தத் தீர்ப்பு பெரிய விஷயம்.

ஆனால் ஃப்ளெச்சர் வெல்லவில்லை. அதே 2012-இல் அவருடைய முதலீட்டு நிதி திவால் மனு கொடுத்தது. வழக்கு விசாரணைக்கு வந்தபோது அவருடைய கடன்களும் கையிருப்பும் பற்றிய கேள்விகளே முன்னால் நின்றன. 2015-இல் நீதிபதி, குழு பண நிலைமையைக் கருதி முடிவெடுத்ததாகச் சொன்னதை ஏற்று வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. குழுவின் கவலை உண்மையானதாகவே இருக்கலாம். என் மனதை உறுத்துவது வேறு. குழு தன் காரணத்தை முழுதாகச் சொல்ல வேண்டிவந்தது ஒருவர் வழக்குப் போட்டதால். வழக்குப் போட வசதியும் பிடிவாதமும் இருந்ததால் காகிதங்கள் வெளியே வந்தன. மறுக்கப்படும் மற்றவர்களுக்கு அந்தக் காகிதங்கள் வருவதே இல்லை. தன் வருமானமா, தன் குடும்பமா, தன் தோலா, நேர்காணலில் சொன்ன ஒரு சொல்லா என்று தெரியாமல் ஒருவர் வீடு திரும்புகிறார். நேர்மையான குழுவுக்கும் இது நல்லதல்ல. காரணம் நியாயமாக இருந்தாலும் அதைச் சொல்லாதபோது சந்தேகம்தான் மிஞ்சும். காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று நியூயார்க் நகர மன்றத்தில் பலமுறை மசோதாக்கள் வந்தன. கட்டடங்களின் சங்கங்கள், வழக்குகள் பெருகும், குழுவில் சேர ஆள் கிடைக்காது என்று எதிர்த்தன. ஆள் கிடைப்பது கடினம் என்பது உண்மைதான். ஆனால் பணம் போதவில்லை என்று ஒரு வரி எழுதுவதற்கு என்ன கஷ்டம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

எதிரே இருக்கும் பூங்கா

1980 டிசம்பர் 8 இரவு, ஜான் லெனனும் மனைவி யோகோ ஓனோவும் வந்த கார் முற்றத்துக்குள் போகாமல் 72-ஆம் தெருவிலேயே நின்றது. அவர்கள் இறங்கி அந்தப் பெரிய வளைவு வாசலை நோக்கி நடந்தார்கள். அங்கேதான் லெனன் சுடப்பட்டார். நூறு ஆண்டுகளுக்கு முன் ஹார்டன்பெர்க் வண்டிகளுக்காகத் திறந்துவைத்த வாசல் அது. இன்று பக்கத்தில் சிறிய காவல் கூண்டு, உள்ளே சீருடைக் காவலர். வருகிறவர்கள் நடைபாதையில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம், முற்றத்துக்குள் போக அனுமதி இல்லை.

தெருவைக் கடந்தால் பூங்கா. அங்கே இரண்டரை ஏக்கர் இடத்தை லெனன் நினைவாக ஒதுக்கி, 1985 அக்டோபர் 9 அன்று, அவருடைய பிறந்தநாளில் திறந்தார்கள். நேபிள்ஸ் நகரம் கொடுத்த கறுப்பு வெள்ளை மொசைக் வட்டத்தின் மேல் யாராவது பூ வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அதைச் சுற்றியிருக்கும் பெஞ்சுகளில் உட்கார யாரும் வரிக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

தெருவுக்கு இந்தப் பக்கம் விதி மாறவில்லை. மறுக்கப்பட்டவர் பாகுபாடு என்று நினைத்தால் ஓராண்டுக்குள் நகர மனித உரிமை ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம், அல்லது மூன்று ஆண்டுகளுக்குள் நீதிமன்றம் போகலாம். போவதற்கு முன்னால், தான் ஏன் மறுக்கப்பட்டோம் என்பதை அவர்தான் ஊகித்து எழுத வேண்டும்.